பின்பக்கம் திறக்கிற இடியன்: சி.வி.ஏ. ஒப்ரிமா வி2

கனடாவில் நான் வேட்டைக்குப் பாவிக்கிற துவக்கைப் பற்றி ஊரில் யாராவது கேட்டால், "இடியன்தான், ஆனால் கொஞ்சம் படிச்ச இடியன்" என்று சொல்லிவிடுவேன். உடனே விளங்கிவிடும். வாய்ப்பக்கத்தால் வெடிமருந்து போட்டு, குண்டை இடித்து இறக்கி, ஒரு வெடி வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிற அதே வேலைதான். வித்தியாசம் முழுக்கப் பின்பக்கத்தில். இந்தத் துவக்கை நான் மெச்சுவதும் அந்தப் பின்பக்கத்துக்காகத்தான்.

கொக்குவிலில் இருந்து இதை எழுதுகிறேன். துவக்கு ஒன்ராறியோவில் பூட்டுப் போட்ட பெட்டிக்குள் கிடக்கிறது. "அண்ணை, ஒண்டு கொண்டு வரலாமோ?" என்று கேட்கிற தம்பிமாருக்கு முதலே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். 1916ஆம் ஆண்டுத் துவக்குச் சட்டம் இன்னும் நடைமுறையில்தான் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் இலங்கையில் துவக்கு வைத்திருப்பது குற்றம். வாய்வழி ஏற்றுவது பழங்காலச் சாமான் என்று சொல்லித் தப்ப முடியாது. வன்னிப் பக்கம் இடியனோடு ஆள் பிடிபட்ட செய்தி எத்தனை முறை பேப்பரில் வந்துவிட்டது! கனடாவிலும் சும்மா வாங்க ஏலாது. சக்கிமுக்கிக் கல்லால் வெடிக்கிற பழைய மாதிரித் துவக்குகளுக்கு அங்கே சலுகை உண்டு, இந்த நவீன வகைக்கு இல்லை. சாதாரண றைபிளுக்கு எடுக்கிற அதே லைசன்ஸ்தான் இதற்கும்.

அப்படியானால் றைபிளையே வாங்கலாமே என்று கேட்பீர்கள். தென் ஒன்ராறியோவில் பல இடங்களில் மான் வேட்டைக்குச் சாதாரண றைபிள் விடமாட்டார்கள். ஷொட்கண், அம்பு, வாய்வழித் துவக்கு, இவ்வளவுதான். ஷொட்கண்ணின் ஒற்றைக் குண்டு என் தோளைப் படுத்திய பாட்டில் இதற்கு மாறினேன்.

சி.வி.ஏ. என்கிற கம்பனியின் பெயர் அமெரிக்கப் பெயர், ஒப்ரிமாவைச் செய்வது ஸ்பெயினில். அரை அங்குல விட்டமுள்ள குழல், 26 அங்குல நீளம், துருப்பிடிக்காத உருக்கு. நிறை ஏறக்குறைய 3 கிலோ. குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கிற புரி, 28 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக வெட்டியிருக்கிறது. பழைய மாதிரித் துவக்குகளில் உருண்டை ஈயக்குண்டுக்காக இதைவிட மிக மெதுவான சுற்றுத்தான் இருக்கும். இது பிளாஸ்ரிக் சட்டை போட்ட நீளக் குண்டுக்கானது. 1985இல் மிசூரியைச் சேர்ந்த ரோனி நைற் தன் எம்.கே.-85 துவக்கை வெளியிட்ட பிறகுதான் இந்த வகை அமெரிக்கா முழுக்கப் பரவியது.

சரி, பின்பக்கத்துக்கு வருவோம். நம்முடைய இடியனில் மருந்தைப் பற்றவைக்கிற கேப் வெளியே, ஒரு பக்கமாக, முலைக்காம்பு மாதிரியான சின்னக் குழாயில் இருக்கும். நெருப்பு அங்கிருந்து வளைந்து திரும்பி மருந்துக்குப் போகவேண்டும். பனி இறங்கினால், தூறல் விழுந்தால், "டிக்" என்று ஒரு சத்தம் மட்டும் வரும், பன்றி போய்விடும். ஒப்ரிமாவில் கேப்புக்குப் பதிலான 209 பிறைமர் குழலுக்கு நேர் பின்னால் உட்காருகிறது. துவக்கை நடுவால் மடித்துத் திறந்து, பிறைமரை விரலால் தள்ளி, மூடினால் காற்றுப் புகாது. நெருப்பு நேர்கோட்டில் மருந்துக்குப் போகும். நவம்பர் ஈரத்தில் நாள் முழுக்க மரத்தடியில் இருந்துவிட்டு மாலையில் வெடி வைத்தாலும் தாமதமில்லாமல் பற்றுகிறது.

போன முறை வந்தபோது பெரியப்பாவுக்கு இதைத் துப்புரவாக்குகிற வீடியோவைப் போனில் காட்டினேன். இளம் வயதில் முத்தையன்கட்டுப் பக்கம் இடியனோடு திரிந்த மனிதர். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி பார்த்தார். குழலின் அழகும் தொலைநோக்கியும் அவர் கண்ணில் படவேயில்லை. கேட்டது ஒன்றுதான்: "இதின்ரை பின்பக்கம் கழருமோ?" கழரும் என்றேன். கையால் திருகி எடுக்கிற இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார். "எங்கடையிலை உள்ளுக்கை மருந்து கிடக்கோ இல்லையோ எண்டு ஆருக்குத் தெரியும்" என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. பின்பக்கம் அடைத்த குழலுக்குள் என்ன கிடக்கிறதென்று கண்ணால் பார்க்க வழியில்லை. ஒப்ரிமாவில் பிரீச் பிளக் என்கிற அந்தத் திருகாணியை வெறும் விரலால் கழற்றலாம், சாவி தேவையில்லை. கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்தால் குழல் இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் தெரியும். மருந்து பற்றாமல் போனாலும் பின்னால் இருந்து பாதுகாப்பாக வெளியே எடுத்துவிடலாம். இருந்தாலும் குழல் வெறுமையாக இருக்கும்போது இடிகோலை அடிவரை விட்டு ஒரு கீறு, மருந்தும் குண்டும் இருக்கும்போது இன்னொரு கீறு போட்டு வைத்திருக்கிறேன். எவ்வளவு நவீனம் வந்தாலும் இந்த இரண்டு கீறும் இல்லாத ஆளோடு நான் காட்டுக்குப் போகமாட்டேன்.

பிளக்கின் புரிக்கு ஒவ்வொரு முறையும் கிறீஸ் பூசவேண்டும், அதில் கஞ்சத்தனம் கூடாது. நடுவில் நெருப்புப் போகிற துளை ஊசி அளவுதான்; கரி அடைத்துக்கொண்டால் பற்றுவது பிந்தும். அந்த அளவுக்கான சின்னத் துறப்பண அலகை விரல்களுக்கிடையில் பிடித்துச் சுழற்றினால் கறுத்த தூள் உதிரும். மெசின் போடாதீர்கள், துளை பெருத்துவிடும்.

மருந்து தனிக்கதை. பழைய கரிமருந்துக்குப் பதிலாகப் போடுகிற பைரோடெக்ஸ், றிப்பிள் செவன், பிளாக்ஹோர்ன் 209 ஆகிய மாற்று மருந்துகள்தான் கடைகளில் பரவலாகக் கிடைக்கின்றன. மூன்றும் ஒன்றல்ல. நிறையால் அல்ல, அளவுக் குழாயால் கொள்ளளவு பார்த்து அளக்கவேண்டும். கரிமருந்து என்று நினைத்து அதே எண்ணைத் தராசில் நிறுத்துப் போட்டால் அளவு பிழைக்கும். றிப்பிள் செவன் உறைப்புக் கூடியது; கரிமருந்தின் வேகம் வேண்டுமானால் 15 வீதம் குறைக்கச் சொல்லி அதன் தயாரிப்பாளரே சொல்கிறார். பிளாக்ஹோர்னுக்கு ஏற்ற பிளக் இருக்கிறதா என்று முதலில் பார்த்து வாங்குங்கள். சாதாரணத் தோட்டாவில் வருகிற புகையில்லா மருந்தை மட்டும் இதற்குள் போடவே கூடாது. குழல் வெடித்து முகத்தில் வரும்.

பைரோடெக்ஸ் கழுவின தண்ணீர் கூழ்முட்டை நாற்றம் நாறும். குளியலறையில் ஒருநாள் கழுவியதோடு என்னைக் கராஜுக்கு அனுப்பிவிட்டார் மனைவி. றிப்பிள் செவனில் கந்தகம் இல்லை, வீட்டில் சமாதானம். ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் பிறகு குழலின் அடியில் இறுகிய வளையம் ஒன்றை விட்டுவிடும், அடுத்த குண்டு அதில் மாட்டி நிற்கும். எச்சில் தொட்ட துணியை ஒருதரம் விட்டு எடுத்தால் போய்விடும். மாலையில் வெந்நீரும் சவர்க்காரமும். நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டால் எஞ்சிய உப்பு ஈரத்தை இழுத்து, பருத்தித்துறைக் கரையில் விட்ட சைக்கிள் செயின் மாதிரி ஆகிவிடும். துருப்பிடிக்காத உருக்கு என்று பெயர்தான், பிடிக்கும். பிளாக்ஹோர்னுக்குத் தண்ணீர் சரிவராது, எண்ணெய்க் கரைப்பான் வேண்டும்.

குறி? 100 யார் தூரத்தில் என் கையளவுக்குள் குண்டுகள் விழுகின்றன, மானுக்கு அது தாராளம். பெட்டியில் 200 யார் என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஆசைப்படவேண்டாம். கனத்த, மெதுவான குண்டு. 100 யாரைத் தாண்டியதும் வேகமாகக் கீழே இறங்கும். 150க்கு அப்பால் நான் வைப்பதில்லை. இரண்டாவது வெடிக்கு மான் காத்திருக்காது.

குறை என்றால், கூட வருகிற இடிகோல். காட்டுக்குப் போதும், மைதானத்தில் பலதரம் ஏற்றினால் உள்ளங்கை நொந்துவிடும். கைப்பிடி வைத்த நீளக்கோல் தனியாக வாங்குங்கள். நான் வாங்கிய கடையில் "ஆரம்பப் பொதி" என்று ஒரு பெட்டியைத் தலையில் கட்டப் பார்த்தார்கள், கட்டியும் விட்டார்கள். அதில் உபயோகமானது அளவுக் குழாய் ஒன்றுதான். மிச்சமெல்லாம் பிளாஸ்ரிக், இன்னும் உறை பிரிக்காமல் கிடக்கிறது.

இன்னொன்று, வேட்டைக்கூடாரத்துக்குப் போகிறவர்களுக்கு. மருந்தும் குண்டும் உள்ளே இருந்தாலும் கேப் வைக்காவிட்டால் ஒன்ராறியோ வேட்டைச் சட்டத்தில் அது ஏற்றிய துவக்கு அல்ல. ஆகவே இரவில் பிறைமரை எடுத்துவிட்டு விடிய வைக்கலாம். ஆனால் குளிரில் கிடந்த குழலைச் சூடான அறைக்குள் கொண்டுவராதீர்கள், உள்ளே வியர்த்து மருந்து நனையும்.

பழைய துவக்கு வாங்குகிறவர்கள் ஒரு ரோர்ச் கொண்டு போங்கள். விற்கிறவரையே பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். விரலால் கழன்றால், வெளிச்சம் விட்டுக் குழலின் அடி நாலு அங்குலத்தில் குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். வாய்ப்பக்கம் பளபளப்பதை நம்பவேண்டாம். "கொஞ்சம் இறுகிப்போச்சு, எண்ணெய் விட்டாச் சரியாகும்" என்று அவர் குறடு தேடத் தொடங்கினால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.