நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ்: தோண்டுமுன் கேட்கப் பழக்கும் மெட்டல் டிடெக்டர்

மெட்டல் டிடெக்டர் என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது, "எத்தனை அடி ஆழம் பார்க்கும்?" என்றுதான். பொழுதுபோக்குக்கு அது இரண்டாம்பட்சம். மண்ணுக்குள் கிடப்பது ஆணியா, மோதிரமா, பாட்டில் மூடியா என்று காதாலேயே ஊகித்து, ஒரு சாண் குழியில் அந்த ஊகத்தைச் சரிபார்க்கிறோமே, மனம் ஒட்டிக்கொள்வது அங்கேதான். புதையல் ஆசையில் வருபவர்களுக்குச் சீக்கிரம் சலித்துவிடும். ஊகத்தில் ருசி கண்டவர்கள் குப்பை கிடைத்தாலும் சிரித்துக்கொண்டே பையில் போடுவார்கள். துருக்கியின் நோக்டா நிறுவனம் 2019-இல் கொண்டுவந்த சிம்ப்ளெக்ஸ் பிளஸ்ஸை அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

எடை 1.3 கிலோ. 12 கிலோஹெர்ட்ஸில் ஓடும் ஒற்றை அலைவரிசைக் கருவி. 28 செ.மீ. டபுள்-டி காயில் (தரைமேல் வீசும் தேடுதட்டு; உள்ளே D வடிவில் இரண்டு கம்பிச் சுருள்கள்), உள்ளேயே பொருத்திய லித்தியம் பேட்டரி, அதிர்வு வசதி, இருட்டில் தேட ஒரு எல்இடி விளக்கு. 3 மீட்டர் ஆழம் வரை தண்ணீருக்குள்ளும் கொண்டுபோகலாம். ஆல் மெட்டல், ஃபீல்டு, பார்க் 1, பார்க் 2, பீச் என்று ஐந்து மோடுகள். மெனுவும் சின்னதுதான். புதிதாகத் தொடங்குபவருக்கு இந்தச் சுருக்கம் பெரிய வரம். பத்துப் பக்க மெனு உள்ள கருவி கைக்கு வந்தால், பாதி நேரம் அதை மாற்றுவதிலேயே போய்விடும்.

பெட்டியைப் பிரித்ததும் வீட்டுக் கூடத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, "சும்மா சும்மா கத்துகிறது" என்று குறை சொல்பவர்கள் உண்டு. கான்கிரீட் தரைக்குள் கம்பி ஓடுகிறது; டிவியும் இன்வெர்ட்டரும் வேறு இரைச்சலைக் கிளப்பும். 1881-இல் சுடப்பட்ட அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் தோட்டாவைத் தேட கிரகாம் பெல் கொண்டுவந்த கருவியே குழம்பிப்போனது. மெத்தைக்குள் இருந்த எஃகுச் சுருள்களும் அதற்கு ஒரு காரணம் என்பார்கள். வெட்டவெளியில், உலோகம் இல்லாத ஒரு மர மேசைமேல் சோதியுங்கள். நாணயம், தங்க மோதிரம், கசக்கிய அலுமினியத் தாள், குளிர்பான டப்பாவின் இழுவளையம், எஃகு மூடி, துருப்பிடித்த ஆணி என்று ஒவ்வொன்றாக வைத்து, திரையில் வரும் எண்ணையும் காதில் விழும் ஓசையையும் குறித்துக்கொள்ளுங்கள். கைபேசி, மோதிரம், இரும்பு முனை வைத்த காலணி மூன்றும் காயிலுக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

களத்தில் முதல் வேலை கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணின் எதிரொலியைக் கருவி கண்டுகொள்ளாமல் விடும்படி சரிசெய்வது. உலோகம் இல்லாத ஓரிடத்தில் அதற்கான பட்டனை அழுத்திப் பிடித்தபடி, தரையிலிருந்து 15–20 செ.மீ. உயரத்துக்கும் 3 செ.மீ. உயரத்துக்கும் இடையே காயிலை மேலும் கீழுமாக அசைக்க வேண்டும். மண்ணின் எதிரொலி அடங்கியதும் பட்டனை விட்டுவிடலாம். இரும்புத்தாது மிகுந்த செம்மண்ணில் இதைச் செய்யாமல் விட்டால் கருவி ஓயாமல் முனகும். ஆழத்தில் இருக்கும் சிறு பொருள் அந்த முனகலில் மறைந்துவிடும். மண் மாறிய இடத்தில் மறுபடி செய்ய வேண்டும். கருவி தானாக மண்ணைப் பின்தொடர்ந்து சரிசெய்துகொள்ளும் என்று இருந்துவிட வேண்டாம்.

மின்கம்பிக்குப் பக்கத்தில் தாறுமாறாக ஓசை வந்தால் உடனே சென்சிட்டிவிட்டியை, அதாவது கருவியின் உணர்திறனை, குறைக்கத் தோன்றும். முதலில் அலைவரிசையைக் கொஞ்சம் நகர்த்தும் வசதியை முயலுங்கள். பல நேரம் அதிலேயே அடங்கிவிடும், ஆழமும் போகாது.

காயிலைத் தரைக்கு 3 முதல் 5 செ.மீ. மேலே, மட்டமாக, ஒரே உயரத்தில் வீச வேண்டும். வீச்சின் இரு முனையிலும் கை தானாக மேலே எழும்பும். அங்கே 10 செ.மீ. உயர்ந்தால் 10 செ.மீ. ஆழத்தை இழந்தீர்கள் என்றே கணக்கு. டபுள்-டி காயிலின் தேடல்புலம் கத்தி அலகு போல முன்னிருந்து பின்னாக ஒடுங்கி நிற்கும். அதனால் அடுத்தடுத்த வீச்சுகள் பாதிக்குப் பாதி ஒன்றன்மேல் ஒன்று படியட்டும்.

இப்போது காது விஷயம். ஒரு பொருளின் மேல் காயில் போகும்போது அதற்குள் சுழல் மின்னோட்டம் எழுகிறது. அது திருப்பியனுப்பும் அலை எவ்வளவு பிந்துகிறது என்பதை வைத்து 00 முதல் 99 வரை ஓர் எண் வருகிறது. அந்த எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான். நல்ல பொருள் எந்தப் பக்கமிருந்து வீசினாலும் ஒரே மாதிரி, உருண்டையாக, சுத்தமாக ஒலிக்கும். எண்ணும் இரண்டு மூன்றுக்கு மேல் ஆடாது. வளைந்த ஆணி அப்படியில்லை. அதன் முனையில் உயர்ந்த ஓசை தெறிக்கும்; 90 டிகிரி நகர்ந்து நின்று வீசினால் அது கிழிந்து இரும்பின் கரகரப்பாகிவிடும்.

எஃகு மூடி இன்னும் கெட்டிக்காரத்தனமாக ஏமாற்றும். தட்டையான வட்ட வடிவம் என்பதால் காயிலின் நடுவில் நாணயம் போலவே ஒலிக்கும். அதற்கு ஒரு தந்திரம் உண்டு. சிறு சிறு வீச்சாக அசைத்தபடியே காயிலை மெல்ல உங்கள் பக்கம் இழுங்கள். பொருள் காயிலின் முன்விளிம்பைத் தாண்டும் நேரத்தில் மூடியாக இருந்தால் இரும்பு டோன் எட்டிப்பார்க்கும். நாணயமாக இருந்தால் ஓசை சுத்தமாகவே மங்கி மறையும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே வீண் குழிகள் வெகுவாகக் குறைந்துவிடும். இதற்காகவே இரும்பின் ஓசையை முழுக்க அணைக்காமல், அயர்ன் வால்யூமைத் தாழ்வாக வைத்துக்கொள்வது நல்லது. அணைத்துவிட்டால் கருவி தரும் பாதித் தகவலை நீங்களே வேண்டாம் என்று தள்ளியது போலாகும்.

தங்கத்துக்கு மட்டும் இந்தக் காது உதவாது. மெல்லிய மோதிரம், அலுமினியத் தாள், இழுவளையம் மூன்றும் ஏறக்குறைய ஒரே எண்பட்டைக்குள் விழும். குப்பை வேண்டாம் என்று அந்தப் பட்டையை நாட்ச் போட்டு (அந்த எண்களுக்கு மட்டும் ஓசை வராதபடி) மூடினால் மோதிரமும் சேர்ந்தே மூடப்படும். மோதிரம் வேண்டுமென்றால் இழுவளையங்களையும் தோண்டத்தான் வேண்டும். யாரோ தொலைத்த மோதிரத்தைத் தேடிக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், அதே போன்ற இன்னொரு மோதிரத்தை முதலில் காயிலுக்கு முன் அசைத்து எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு இடத்தைக் கயிறு கட்டிப் பிரித்து, வரிசை வரிசையாகத் தேடுங்கள். தொலைத்தவர் முகம் மலர்வதைப் பார்க்கும் சுகம் பழைய காசில் கிடைக்காது.

ஆழம் காட்டும் அளவுகோல் நாணய அளவுப் பொருளை மனத்தில் வைத்துச் செய்தது. பெரிய டப்பா ஆழத்தில் கிடந்தாலும் மேலேயே இருப்பதாகக் காட்டும். பொருள் இருக்கும் இடத்தைத் துல்லியமாகச் சுட்டும் பின்பாயின்ட் பட்டனை அழுத்தி காயிலைத் தூக்கிப் பாருங்கள். ஓசை நெடுநேரம் அடங்காவிட்டால் பொருள் பெரியது. கருவியின் பின்பாயின்ட் இடத்தைத்தான் சுட்டும். குழிக்குள் மண்கட்டியில் ஒளிந்திருப்பதைப் பிடிக்கக் கையடக்கப் பின்பாயின்டர் தனியாக வாங்கியே ஆக வேண்டும். டிடெக்டரோடு சேர்த்தே அதற்கும் பணம் ஒதுக்குங்கள்.

புல்தரையில் மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நாலாவது பக்கத்தைக் கீல் போல விட்டுப் புல்லைப் புரட்டுங்கள். வெட்டு 10 செ.மீ.க்குக் குறைந்தால் வேர் அறுந்து புல் காய்ந்துவிடும். மண்ணை ஒரு துணியில் கொட்டினால் திரும்பப் போட்டு மிதிப்பது சுலபம். கோடையில் புல்தரையைத் தொடவே வேண்டாம். நில உரிமையாளரின் அனுமதி எங்கும் கட்டாயம். தொல்பொருள் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், சில நாடுகளில் தேடுவதற்கே உரிமம் வேண்டும். 1992-இல் இங்கிலாந்தின் ஹாக்ஸன் கிராமத்தில், தொலைந்துபோன ஒரு சுத்தியலைத் தேடியவருக்கு ரோமானியர் காலத்துத் தங்கம், வெள்ளிக் குவியலே அகப்பட்டது. அவர் முழுவதையும் வாரி எடுக்காமல் தகவல் சொல்லிவிட்டு நிறுத்தியதால், ஆய்வாளர்களால் மீதியை இருந்த நிலையிலேயே பதிவுசெய்ய முடிந்தது. சுத்தியலும் கிடைத்தது. ஒரே குழியில் காசு மேல் காசாக வந்தால் நீங்களும் கையை எடுத்துவிடுங்கள். கிடைத்த காசை விரலால் தேய்க்கவும் கூடாது; ஒட்டிய மண்துகளே அதைக் கீறிவிடும்.

இனி குறைகள். உப்பு ஈரம் ஊறிய கடல்மணல் மின்சாரத்தைக் கடத்தும். ஒற்றை அலைவரிசைக் கருவி அங்கே தடுமாறும், பீச் மோடிலும் முழுத் தெளிவு வராது. காய்ந்த மணலிலும் நன்னீரிலும் தொல்லையில்லை. கடற்கரையே உங்கள் களம் என்றால் பல அலைவரிசைக் கருவிக்குப் போவதுதான் சரி. அடுத்து, ஒரு சிக்னலிலிருந்து மீளும் வேகத்தை மாற்ற வழியில்லை. ஆணிகள் நிறைந்த பழைய வீட்டுமனையில் 28 செ.மீ. காயில் நாலைந்து பொருளை ஒன்றாகப் போட்டுக் குழப்பும். மெதுவாக வீசுங்கள்; இல்லாவிட்டால் 22 செ.மீ. காயில் தனியாகக் கிடைக்கிறது. தண்டின் இணைப்புகளில் லேசான ஆட்டம் உண்டு, அங்கே ஒரு சுற்று டேப் ஒட்டினால் போதும். காயில் வயர் தளர்ந்து ஆடினாலும், காயில் உறைக்குள் இரும்புத்துகள் கலந்த மணல் புகுந்தாலும் பொய்ச் சிக்னல் வரும். உறையை அவ்வப்போது கழற்றிக் கழுவுங்கள். காயில் போல்ட்டை முறுக்கித் தள்ளினால், அது நுழையும் காதுப்பகுதி விரிசல் விடும்.

சிம்ப்ளெக்ஸ் வரிசையில் புதிய மாடல்கள் வந்துவிட்டதால் பிளஸ் இப்போது பெரும்பாலும் கைமாறித்தான் கிடைக்கும். பழையதை வாங்கும்போது முழு சார்ஜில் அரை நாளாவது தாங்குகிறதா என்று கேளுங்கள், பேட்டரியைக் களத்தில் கழற்றி மாற்ற முடியாது. சாக்கெட் மூடியின் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா, காயில் காதில் கோடு தெரிகிறதா, திரைக்குள் ஆவி படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். திரைக்குள் ஈரம் தெரிந்தால், விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.