வால் ரோட்டர் இல்லாத ஹெலி: பாளையங்கோட்டையில் சில வருட அனுபவம்

இரட்டை ரோட்டர் வைத்த ரிமோட் ஹெலிகாப்டர் ஒன்றைச் சில வருடங்களாகப் பாளையங்கோட்டையில் பறக்கவிட்டு வருகிறேன். வாங்கலாமா என்று பலரும் கேட்பதால் விரிவாகவே எழுதிவிடுகிறேன். ஹெலிகாப்டர் எப்படிப் பறக்கிறது என்பதைக் கையால் தொட்டுப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பொருளை நான் பார்த்ததில்லை. ஆனால் நம்ம ஊர் காற்றில் வருடத்தில் சில மாதம் இது வீட்டுக்குள் மட்டும்தான் பறக்கும். இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

மேலே ரோட்டர் ஒரு பக்கம் சுற்றினால் உடம்பு எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் வாலில் சின்ன ரோட்டர். அது என்ஜின் சக்தியில் ஒரு பங்கைத் தின்கிறது, சத்தம் போடுகிறது, பக்கத்தில் போகிறவர்களுக்கு ஆபத்தாகவும் இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பறக்கப் பல வழிகள் உண்டு. நம் கடற்படையின் காமோவ் 28, காமோவ் 31 இரண்டிலும் ஒரே அச்சில் மேலும் கீழுமாக ரோட்டர்கள் எதிரெதிராகச் சுற்றும். நீண்ட வால் வேண்டியதில்லை என்பதால் கப்பலில் நிறுத்தத் தோது. 2019-ல் விமானப்படையில் சேர்ந்த சினூக்கில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. செவ்வாயில் 2021 ஏப்ரல் 19 அன்று எழும்பிய இன்ஜெனுயிட்டியும் காமோவ் போல ஓரச்சு வகைதான். எடை 1.8 கிலோ, ரோட்டரின் அகலம் 1.2 மீட்டர்.

என்னுடையதும் ஓரச்சுதான், எடை சுமார் 220 கிராம். ஒரு மோட்டார் உள் ஷாஃப்ட்டைச் சுற்றும், இன்னொன்று அதற்கு வெளியே இருக்கும் குழல் ஷாஃப்ட்டைச் சுற்றும். ஒன்றின் வேகம் கூடி மற்றது குறைந்தால் மூக்கு திரும்பும். சர்வோ என்ற இரண்டு சின்ன மோட்டார்கள், ஸ்வாஷ்பிளேட் என்ற சாயும் தட்டைச் சாய்த்துக் கீழ் ரோட்டரை மட்டும் கட்டுப்படுத்தும். மேல் ரோட்டர் நம் பேச்சைக் கேட்காது. இரு நுனியிலும் குண்டு வைத்த ஃப்ளைபார் கம்பி அதை மட்டமாகவே வைத்திருக்கப் பார்க்கும். ரிமோட்டின் குச்சியிலிருந்து விரலை எடுத்தாலும் ஹெலி தடுமாறாமல் நிற்பது அதனால்தான்.

காற்றில் படும் பாட்டுக்கும் அதுவே காரணம். எதிர்காற்றை மீறிப் போக முழுசாக முன்னால் தள்ளினால் கீழ் ரோட்டர் சாயும், மேலது சாயாது. இரண்டு பிளேடும் ஒன்றையொன்று வெட்டும். 'டக்' என்று ஒரே சத்தம், அப்புறம் பிளேடு நுனியைத் தரையில் தேட வேண்டியதுதான். ஜூன் பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கிவிடும். குற்றாலத்துக்கு அது சாரல், நமக்குப் புழுதி. பணகுடி, காவல்கிணறு பக்கம் ஏன் அத்தனை காற்றாலை என்று யோசித்தாலே போதும். செப்டம்பர் வரை வெளியே எடுக்காதீர்கள். ஃபேனை நிறுத்திவிட்டு ஹாலில் பறக்கவிடலாம், காலியான கல்யாண மண்டபம் கிடைத்தால் இன்னும் நல்லது. மார்கழி, தை மாதங்களில் மழை விட்ட காலை வேளை அருமை. வேப்பிலை அசையாத அந்த நேரத்தில் இந்த ஹெலி தரும் நிதானத்தை வேறு எந்த மாடலிலும் நான் அனுபவித்ததில்லை. பங்குனி, சித்திரையில் வற்றிக் கிடக்கும் குளத்தின் தரையும் நல்ல இடம்.

வெயிலையும் கணக்கில் வையுங்கள். 15 டிகிரி காற்றைவிட 40 டிகிரி காற்று அடர்த்தியில் சுமார் 8 சதவீதம் குறைவு. அதே எடையைத் தூக்க ரோட்டர் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும், மோட்டார் சூடாகும். லிப்போ பேட்டரியை வண்டிக்குள் வைத்துவிட்டுப் போகவே போகாதீர்கள், உப்பிவிடும். பல நாள் பறக்கவிடப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்துக் குளிர்ந்த இடத்தில் எடுத்து வையுங்கள்.

நாள்பட்ட உழைப்பில் முதலில் போவது மோட்டார். இரண்டும் ஒரே சீராகத் தேயாது. நேராக நிற்க வைக்க டிரிம்மை, அதாவது ரிமோட்டில் ஹெலியை நேர்ப்படுத்தும் பொத்தானை, ஒரு பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள வேண்டி வந்தால், ஒரு மோட்டார் சோர்கிறது என்று அர்த்தம். டவுனில் மோட்டார் காயில் கட்டும் அண்ணாச்சி காதருகே வைத்துச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிரஷ் தேஞ்சிட்டு தம்பி, இதைப் பிரிச்சா திரும்ப மூட முடியாது, புதுசு போட்ருங்க" என்றார். சரியாகத்தான் சொன்னார். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் மறுபடி டிரிம் சண்டைதான்.

இந்த ஹெலியில் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை அதற்கு உடம்பு செய்தது. வால் ரோட்டர் இல்லாமல் பறக்க நோட்டார் என்று இன்னொரு முறை இருக்கிறது. ஹியூஸ் கம்பெனி 1981 டிசம்பரில் ஒரு ஓஎச்-6ஏ ஹெலிகாப்டரை மாற்றியமைத்து இதைப் பறக்கவிட்டது. பின்னால் எம்டி 520என் என்று விற்பனைக்கே வந்தது. வால் குழாய் தொடங்கும் இடத்தில் உள்ளே ஒரு விசிறி. அது தள்ளும் காற்று குழாயின் வலப்பக்கம் நீளவாக்கில் இருக்கும் பிளவுகள் வழியாக வெளியேறும். மேல் ரோட்டரின் காற்றும் இதுவும் சேர்ந்து குழாயின் வளைவை ஒட்டி ஓடும்போது வலப்பக்கம் அழுத்தம் குறைந்து, வால் வலப்பக்கம் இழுபடும். மீதித் தேவையை நுனியில் திரும்பும் ஒரு துளையிலிருந்து வரும் காற்று கொடுக்கும். ஓடுகிற காற்று வளைவை ஒட்டியே போகும் இந்தக் குணத்துக்கு ருமேனியாவின் ஆன்ரி கோவண்டா பெயரை வைத்திருக்கிறார்கள்.

இந்த அளவு மாடலில் அதை உண்மையாகவே வேலை செய்ய வைக்க எடை இடம் கொடுக்காது. ஆனால் ஓரச்சு ஹெலிக்கு வாலில் எதுவுமே வேண்டாமே! அதனால் மெல்லிய தெர்மோகோலில் 520என் உடம்பைச் செதுக்கி மாட்டினேன். பார்க்க அசல் போலவே இருக்கிறது. பறக்கும் நேரம் குறைந்தது உண்மை, அதில் எனக்கு வருத்தமில்லை.

தத்துவத்தைத் தனியாகச் சோதித்தேன். சார்ட் பேப்பரைக் குழாயாகச் சுருட்டி, வலப்பக்கம் நீளமாகக் கீறி, ஒரு முனையில் கம்ப்யூட்டர் விசிறியைப் பொருத்தி, சீலிங் ஃபேனுக்குக் கீழே நூலில் தொங்கவிட்டேன். ஃபேன் காற்றுதான் இங்கே ரோட்டர் காற்று. கீறலை டேப்பால் மூடினால் குழாய் சும்மா ஆடுகிறது. டேப்பை உரித்ததும் மெதுவாக வலப்பக்கம் நகர்ந்து அங்கேயே நிற்கிறது. சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டுக் கீறல் அருகே ஊதுபத்தியைப் பிடித்தால், புகை நேரே போகாமல் குழாயின் வயிற்றை ஒட்டி வளைந்து அடிப்பக்கம் போய்ப் பிரிவது கண்ணுக்குத் தெரிகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் காட்டுங்கள்.

உடம்பு மாட்டுகிறவர்கள் மொத்த எடை 250 கிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2021 ட்ரோன் விதிகளில் நானோ வகை அதுவரைதான். நம் மாவட்டத்தில் கூடங்குளம் அணுமின் நிலையமும் மகேந்திரகிரி இஸ்ரோ மையமும் இருக்கின்றன. புது இடம் என்றால், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டே போங்கள்.

வாங்கும்போதே உள் ஷாஃப்ட், ஒரு ஜோடி மோட்டார், கை நிறைய பிளேடு சேர்த்து வாங்கிவிடுங்கள். இந்த மாடல்கள் சொல்லாமல் சந்தையிலிருந்து போய்விடும், பிறகு ஒரு ஷாஃப்ட்டுக்காக முழு ஹெலியும் பெட்டியில் கிடக்கும்.