மஞ்சப்பையில் பதினொரு மாத்திரை

இந்த முறை ஊருக்குப் போனது விசேஷம் எதற்கும் இல்லை. சைதாப்பேட்டையில் தனியாக இருக்கும் அம்மா, மார்கழியில் ஒரு விடியற்காலை பாத்ரூம் வாசலில் விழுந்துவிட்டார். வயது 82. எதிர்வீட்டு அக்கா போன் செய்தபோது டொரொன்டோவில் முந்தின நாள் சாயங்காலம். லீவு சொல்லி, டிக்கெட் கிடைத்து, நான் வீட்டு வாசலில் இறங்க மூன்று நாள் ஆகிவிட்டது.

அதற்குள் அம்மா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தார். எலும்பு முறிவு இல்லை, மணிக்கட்டில் வீக்கம் மட்டும். ஆனால் நான் போய்ப் பார்த்தபோது அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. இரவெல்லாம் கத்தியிருக்கிறார், டியூபைப் பிடுங்கியிருக்கிறார். அதனால் இரண்டு கையையும் பேண்டேஜ் துணியால் கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்கள். மூக்குக்கண்ணாடி பீரோவுக்குள். காது மெஷின் வீட்டில். கண்ணும் தெரியாமல் காதும் கேட்காமல், புது இடத்தில், கையையும் கட்டிப்போட்டால் யார்தான் குழம்பாமல் இருப்பார்கள்? இதய டாக்டர், நரம்பு டாக்டர், எலும்பு டாக்டர் என்று மூன்று பேர் தனித்தனியாக வந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு மாத்திரை எழுதினார்கள். ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்குப் போன பிறகு என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. விழுவதற்கு முந்தின நாள் வரை தானே காபி போட்டுக் குடித்தவர், இப்போது இரண்டு பேர் பிடிக்காமல் கட்டிலிலிருந்து எழ முடியவில்லை.

வழி சொன்னது எதிர்வீட்டு அக்காதான். "கிண்டியில முதியோருக்குன்னே கவர்மென்ட் ஆஸ்பத்திரி இருக்கே, என் மாமனாரை அங்கதான் காட்டினோம். ஏன் நீங்க போகல?" என்றார். எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்துப் பதினைந்து நிமிடம். கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் 200 படுக்கைகளோடு இருக்கும் தேசிய முதியோர் நல மருத்துவமனை அது. கட்டடம் தயாரானதும் 2020இல் கொரோனா வந்துவிட்டது, அதனால் முதலில் கொரோனா ஆஸ்பத்திரியாகத்தான் ஓடியது. முதியோருக்கென்று திறந்தது 2024 பிப்ரவரியில். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

ஓ.பி.க்குக் காலையிலேயே போய்விடுங்கள். தண்ணீர் பாட்டிலும் சாப்பிட ஏதாவதும் கையில் இருக்கட்டும். அக்கா இன்னொன்றும் சொல்லியிருந்தார்: வீட்டில் இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும், நிறுத்திவிட்டதையும் சேர்த்து, அப்படியே எடுத்துப் போக வேண்டும். அம்மாவின் மாத்திரைகள் எல்லாம் ஏதோ கல்யாணத்தில் தாம்பூலத்தோடு கொடுத்த மஞ்சப்பையில் இருந்தன. அதையே தூக்கிக்கொண்டு போனேன்.

டாக்டர் இளம் பெண். ஸ்கேன் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, மஞ்சப்பையை மேஜைமேல் கவிழ்த்தார். அட்டை அட்டையாகப் பிரித்து அடுக்கினார். பதினொரு மாத்திரை. அதில் இரண்டு அட்டையை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். மேலே கம்பெனிப் பெயர் வேறு வேறு. கீழே பொடி எழுத்தில் இரண்டிலும் அம்லோடிபின் என்ற பிரஷர் மருந்து. ஒன்று தெரு முனை டாக்டர் பல வருடமாகக் கொடுப்பது, இன்னொன்று வேறொரு மருந்தோடு சேர்த்து ஆஸ்பத்திரியில் கொடுத்தது.

"முதல்லயே இந்த மாத்திரைக்கு கால் வீங்கியிருக்கும், வீங்குச்சா பாட்டிம்மா?" என்று கேட்டார். அம்மா ஆமாம் என்று தலையசைத்தார். அந்த வீக்கத்துக்கு யாரோ நீர் பிரியும் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதனால் ராத்திரி மூன்று நான்கு தடவை எழ வேண்டியிருந்திருக்கிறது. தூக்கம் கெடுகிறது என்று சொன்னதும் தூக்க மாத்திரை வந்தது. தூக்கக் கலக்கத்தில், பிரஷர் இறங்கிய உடம்போடு, இருட்டில் பாத்ரூமுக்குப் போனபோது விழுந்திருக்கிறார். ஒரு மாத்திரையின் பக்கவிளைவுக்கு இன்னொரு மாத்திரை, அதற்கு மூன்றாவது. இந்தச் சங்கிலியை டாக்டர் மேஜைமேலேயே அட்டைகளை நகர்த்திக் காட்டினார். மருத்துவம் படிக்காத எனக்கே தெளிவாகப் புரிந்தது.

அப்புறம் அம்மாவைப் படுக்கவைத்து ஐந்து நிமிடம் கழித்து பிரஷர் பார்த்தார்: 150. எழுந்து நிற்கவைத்து மறுபடி பார்த்தார்: 122. நின்றதும் 20க்கு மேல் இறங்கினாலே தலைசுற்றி விழ வாய்ப்பு உண்டாம். இத்தனை வருடத்தில் அம்மாவை நிற்கவைத்து ஒருவரும் பிரஷர் பார்த்ததில்லை. உட்கார்ந்த நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லி மணி பார்த்தார். 12 வினாடியைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்றார். அம்மாவுக்கு 31 ஆனது. ராத்திரி குழப்பம் பைத்தியமும் இல்லை, வயதான கோளாறும் இல்லை, உடம்பில் உப்புச்சத்து குறைந்ததும் சிறுநீர்த் தொற்றும் சேர்ந்து உண்டாக்கியது, சரியாகிவிடும் என்றார். அதைக் கேட்டதும் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தனக்குப் புத்தி கெட்டுவிட்டதோ என்று அத்தனை நாளும் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

சீட்டில் 'தள்ளாமை 5' என்று ஒரு குறிப்பு இருந்தது. கனடாவில் ஹாலிஃபாக்ஸில் ராக்வுட் என்ற டாக்டரும் அவர் குழுவும் 2005இல் கொண்டுவந்த அளவுகோல் அது, இப்போது 1 முதல் 9 வரை போகிறது. ஐந்து என்றால் வெளியே போகவர, பணம் எண்ண, மாத்திரை எடுக்க ஒருவர் துணை வேண்டும், ஆனால் குளிப்பது உடுத்துவது தானே செய்துகொள்வார். விழுவதற்கு முன்பு அம்மா அந்த நிலையில் இருந்தாராம். மறுபடி அங்கே கொண்டுவர முடியும் என்பதற்காகத்தான் எழுதியதாக எங்கள் டாக்டர் சொன்னார். மாத்திரை ஆறாகக் குறைந்தது. தூக்க மாத்திரையை மட்டும் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, அரை அரையாகக் குறைக்க வேண்டும் என்று தேதி போட்டுக் கொடுத்தார்.

முதியோருக்கென்று இப்படித் தனி வைத்தியம் சென்னைக்குப் புதிது இல்லை. சென்ட்ரல் எதிரே இருக்கும் ஜி.எச்.சில் முதியோருக்கென்று தனி ஓ.பி. தொடங்கியது 1978இல், இந்தியாவிலேயே முதலாவதாக. அதைத் தொடங்கிய டாக்டர் வி.எஸ்.நடராஜனுக்கு 2012இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. படிப்பு 1996இல் வந்தது. வடசென்னைக்காரர்களுக்கு ஜி.எச்.தான் பக்கம்.

ஆஸ்பத்திரி பாதி வேலைதான், மீதி வீட்டில். முதலில் தனியார் ஏஜென்சி ஒன்றில் அட்டெண்டர் கேட்டேன். பத்து நாளில் மூன்று பேரை மாற்றினார்கள். வந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு ஒருவரும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை, அம்மாவை அக்குளில் கைவிட்டுத் தூக்கினார்கள். நாம் கொடுக்கும் பணத்தில் அவர்கள் கைக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டபோது மனசு கஷ்டமாகிவிட்டது. கடைசியில் தெருவிலேயே இருக்கும் ஒரு அம்மாவைப் பகலுக்கு ஏற்பாடு செய்து, நேராக அவர் கையில் சம்பளம் கொடுக்கிறோம்.

நான் எதிர்பார்க்காத உதவி மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அரசுத் திட்டம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ச் சொன்னேன், பெயர் எழுதிக்கொண்டார்கள். அடுத்த வாரம் தன்னார்வலர் பெண் ஒருவர் பிரஷர் மெஷினோடு வாசலில் நின்றார். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பிசியோதெரபிஸ்ட்டும் வந்தார். அம்மாவின் ஹவாய் செருப்பைத் திருப்பிப் பார்த்து, "இது வழவழன்னு தேஞ்சு போச்சு பாட்டி, முதல்ல இதைத் தூக்கிப் போடுங்க" என்றார். அடுத்தது பாத்ரூம் கால்மிதி. கைப்பிடிக் கம்பி எந்த உயரத்தில் வேண்டும் என்று அம்மாவை நிற்கவைத்தே சுவரில் பென்சிலால் கோடு போட்டார். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, வேளைக்குப் பத்துத் தடவை. ரசம் சாதத்தோடு நிறுத்தாமல் சுண்டல், கெட்டிப் பருப்பு, தயிர் சாப்பிடச் சொன்னார். படுத்தே இருந்தால் கால் சதை எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதை அம்மாவின் தொடையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் நாம், ஏதாவது ஒன்று என்றால் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பணம் அனுப்பிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அம்மாவுக்கு வேண்டியிருந்தது, மொத்த ஆளையும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கும் ஒரு டாக்டரும், வீட்டுக்கு வந்து செருப்பைத் திருப்பிப் பார்க்கும் ஒருவரும். இரண்டும் ஊரிலேயே இருந்தன, காசில்லாமல். எங்கே கேட்பது என்று தெரியாதவர்கள் 14567 முதியோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். மறதி நோய் என்றால் அண்ணா நகரில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் இருக்கிறது.

கிளம்புவதற்கு முந்தின நாள் அதே மூன்று மீட்டரைக் கூடத்தில் அளந்து நடக்கவைத்தேன். 19 வினாடி. அம்மா, "இன்னொரு தடவை பாரு, இப்ப இன்னும் சீக்கிரம் வரேன்" என்றார். அடுத்த ஓ.பி. பங்குனியில். எதிர்வீட்டு அக்கா கூட்டிப் போகிறார். மஞ்சப்பையைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.