அஞ்செட்டிக்கு எது சரி? மைக்ராஸ்கோப், சிபிநாட், ட்ரூநாட்

இரண்டு வாரம் தாண்டியும் இருமல் நிற்கவில்லை, சாயங்காலமானால் காய்ச்சல், உடம்பு மெலிகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளி எடுத்துக் கொடுத்தாயிற்று. அந்தச் சளியை எதில் பரிசோதிக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும், ஏனென்றால் டிபி இருந்தும் ‘இல்லை’ என்று ரிசல்ட் வருவதற்கான வாய்ப்பு பரிசோதனைக்குப் பரிசோதனை மாறுகிறது.

மைக்ராஸ்கோப் பரிசோதனை நூறு வருடத்துக்கும் மேல் பழையது. ஸ்லைடில் சளியைப் பூசி, சாயம் ஏற்றிக் கண்ணால் பார்ப்பது. செலவு மிகக் குறைவு. ஆனால் ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். குழந்தைகள், எச்ஐவி உள்ளவர்கள், நோய் இப்போதுதான் தொடங்கியவர்கள் ஆகியோரின் சளியில் பல சமயம் அவ்வளவு கிருமி இருக்காது. மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதும் இதில் தெரியாது.

சிபிநாட் (CBNAAT) என்ற மெஷின் பரிசோதனை கிருமியின் டிஎன்ஏவைத் தேடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் இதை ஏற்றுக்கொண்டது. சளியில் திரவம் கலந்து கார்ட்ரிட்ஜ் என்ற சின்ன டப்பாவில் ஊற்றி மெஷினுக்குள் வைத்துவிட்டால், டிபி இருக்கிறதா, டிபியின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி அடங்குமா என்ற இரண்டுக்கும் இரண்டு மணி நேரத்துக்குள் பதில் வந்துவிடும். மைக்ராஸ்கோப்பில் ‘இல்லை’ என்று வந்து, கல்ச்சரில் (கிருமியை லேபில் வளர்த்துப் பார்ப்பதில்) டிபி உறுதியானவர்களில் 100 பேருக்குச் சுமார் 67 பேரை இது பிடித்துவிடுகிறது. கல்ச்சருக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரியும்.

கிரானைட் வேலை நடக்கும் நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி பகுதிக்கு இது இன்னும் முக்கியம். கல் தூசியால் நுரையீரல் கெட்டவர்களுக்கு டிபி வரும் ஆபத்து பல மடங்கு அதிகம். அவர்களுடைய எக்ஸ்ரேயில் தூசியின் தழும்பு எது, டிபி எது என்று பிரிப்பது அனுபவமுள்ள டாக்டருக்கே சிரமம். ‘தூசி இருமல்தான்’ என்று வருடக்கணக்கில் மாத்திரை வாங்கித் தின்னும் கல் உடைக்கும் தொழிலாளிக்கு, மைக்ராஸ்கோப்பில் ‘இல்லை’ என்று வந்ததோடு விட்டுவிடுவது அநியாயம்.

சரி, அப்படியானால் எல்லா ஊரிலும் சிபிநாட் வைத்துவிடலாமே? அந்த மெஷினுக்குத் தடங்கல் இல்லாத கரண்ட் வேண்டும், அறை 30 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது, அதனால் ஏ.சி. வேண்டும். ஜி.எச்.சில் இது நடக்கும். அஞ்செட்டி, சித்தேரி போன்ற மலை ஊர்களில் நடக்குமா?

இங்கேதான் ட்ரூநாட் வருகிறது. கோவாவைச் சேர்ந்த மோல்பயோ நிறுவனம் உருவாக்கியது, 2020-ல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. பேட்டரியில் ஓடும், ஏ.சி. தேவையில்லை, மேஜை மேல் வைத்துக்கொள்ளலாம். சுமார் ஒரு மணி நேரத்தில் டிபி உண்டா இல்லையா என்று தெரியும். உண்டென்றால் இன்னொரு சிப்பைப் போட்டு ரிஃபாம்பிசின் பற்றிப் பார்க்க வேண்டும், அதற்கு மேலும் ஒரு மணி நேரம். சிபிநாட்டைவிட லேப் டெக்னீசியன் கையால் செய்யும் வேலை இதில் அதிகம், எனவே நல்ல பயிற்சி கட்டாயம்.

துல்லியத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம். மலை ஊர்களுக்கு நான் ட்ரூநாட்டையே சொல்வேன். சளியை மட்டும் ஜி.எச்.சுக்கு அனுப்பிவிட்டு நோயாளியை வீட்டுக்கு அனுப்பினால், ரிசல்ட் வருவதற்குள் அவர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பியிருப்பார். அவரைத் தேடிப் பிடிக்கும் வரை அவருடன் ஒரே ஷெட்டில் படுப்பவர்களுக்கும் தொற்றிக்கொண்டிருக்கும். காத்திருக்கும்போதே பதில் சொல்லி, அன்றே மாத்திரை தொடங்க முடிவதுதான் பெரிய லாபம். தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் போன்ற ஊர்களில் சிபிநாட்டே போதும், நான்கு கார்ட்ரிட்ஜ் வைக்கும் மெஷினில் ஒரே நேரத்தில் நான்கு பேரின் சளியைப் பார்க்கலாம்.

மைக்ராஸ்கோப்பைத் தூக்கிப்போடவும் முடியாது. செத்த கிருமியின் டிஎன்ஏவையும் இந்த மெஷின்கள் காட்டிவிடும் என்பதால், சிகிச்சை நடக்கும்போது குணமாகிறதா என்று பார்க்க இவை உதவாது. அதற்கு மைக்ராஸ்கோப்பும் கல்ச்சரும்தான். இதே காரணத்தால், முன்பு டிபிக்கு மாத்திரை சாப்பிட்டவர்கள் அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

டிபியின் இன்னொரு முக்கிய மருந்தான ஐசோனியசிட்டுக்குக் கட்டுப்படாத கிருமியை வழக்கமான ட்ரூநாட்டும் சிபிநாட்டும் காட்டாது. அதற்கு வேறு பரிசோதனைக்குச் சளி போக வேண்டும். ரத்தத்தில் ஆன்டிபாடி பார்த்து டிபி சொல்லும் கிட்டுகளையோ மத்திய அரசு 2012-லேயே தடை செய்துவிட்டது, யாராவது எழுதிக் கொடுத்தால் பணம் கட்டாதீர்கள்.

அப்புறம், எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் எந்த மெஷினும் ஏமாந்துபோகும். காலையில் எழுந்ததும் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்து, மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சிலிருந்து இருமிக் கெட்டிச் சளியாக டப்பாவில் எடுங்கள். இரண்டு மில்லியாவது இருக்கட்டும். வீட்டுக்குள் வேண்டாம், வெளியே காற்றாடும் இடத்தில் எடுங்கள்.