கார்புரேட்டரைக் கழுவுவதா, மருந்து ஊற்றுவதா, புதுசு மாட்டுவதா?

மழையும் புயலுமாக இரண்டு மாதம் கரையில் கிடந்த பைபர் படகைப் பொங்கல் முடிந்து தண்ணீரில் தள்ளும்போது, தரங்கம்பாடியிலிருந்து கோடியக்கரை வரைக்கும் ஒரே புலம்பலைக் கேட்கலாம். கயிற்றை இழுத்தால் மோட்டார் பிடித்துக்கொள்கிறது, ஆனால் விக்கி விக்கி ஓடுகிறது, வேகம் கொடுத்தால் இருமிவிட்டு நின்றுபோகிறது. பெட்ரோலில் பிசின் கரைக்கும் மருந்து ஊற்று என்பார் ஒருவர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவு என்பார் இன்னொருவர், அதையே மாற்று என்பார் கடைக்காரர்.

எதைச் செய்வதற்கு முன்பும் டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை முழுசாக இறக்கிவிடுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், நம்ம கடற்கரை ஈரத்துக்குக் கேட்கவே வேண்டாம். பழைய பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள், அடியில் தனியாக ஒரு படலம் பிரிந்து நின்றால் அதை மறுபடி எந்த இன்ஜினிலும் ஊற்றாதீர்கள். புதுப் பெட்ரோலில் உங்கள் மோட்டாருக்குச் சொன்ன அளவு ஆயில் கலந்து (50க்கு 1 என்றால் 10 லிட்டருக்கு 200 மில்லி), பிளக்கையும் துடைத்துப் போட்டு, தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இறக்கி ஓட்டிப் பாருங்கள். தண்ணீரில்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது, உள்ளே தண்ணீர் ஏற்றும் ரப்பர் சக்கரம் கருகிவிடும்.

இன்னும் விக்குகிறதா? அப்போது ஹோஸில் இருக்கும் கைபம்பை அமுக்கிக்கொண்டே இருங்கள். அமுக்கும்போது மட்டும் ஒழுங்காக ஓடினால் பெட்ரோல் பம்பின் சவ்வோ ஹோஸோ போயிருக்கிறது, கார்புரேட்டரைத் தொட வேண்டாம். காற்றைக் குறைக்கும் சோக்கைப் பாதி இழுத்தால் சீராகிறது என்றால் பெரும்பாலும் ஜெட் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போகும் ஊசித்துளைத் திருகு) அடைப்புதான்.

மருந்து விஷயத்துக்கு வருவோம். ஊற்றுவது சுலபம், லேசாகப் படிந்த பிசினைக் கரைக்கவும் செய்யும். ஆனால் மருந்து வேலை செய்ய ஜெட்டுக்குள் பெட்ரோல் போக வேண்டும், முழுசாக அடைத்த ஓட்டைக்குள் அது எப்படிப் போகும்? சிலர் மருந்தை ஊற்றிவிட்டு, சோக்கைப் பாதி இழுத்தபடியே கடலுக்குப் போகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஆயில் போவதே பெட்ரோலோடுதான், ஜெட் அடைத்துப் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைந்து பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும், அதுவும் முகத்துவாரத்தில் அலை உடையும் இடத்தில் நின்றுவிட்டால் படகில் இருக்கிறவர்களின் கதி என்ன?

என் ஓட்டு கழுவுவதற்குத்தான். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினால் பழுப்பாக, பனைவெல்லப் பாகு காய்ந்த மாதிரி ஒட்டியிருக்கும். ஜெட்டைத் திருகி எடுத்து வெயிலுக்கு நேரே பிடியுங்கள், ஊசிமுனை அளவு வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கிளீனரில் ஊறவைத்து, மெல்லிய தங்கூசி (நைலான்) நரம்பை உள்ளே விட்டு எடுத்து, காற்றடியுங்கள். இரும்புக் கம்பியால் குத்தினால் ஓட்டை பெரிதாகி அளவு கெட்டுவிடும். மெதுவாக ஓடும்போது மட்டும் நிற்கிறது என்றால் சின்ன ஜெட்டை, வேகம் கொடுத்தால் நிற்கிறது என்றால் பெரிய ஜெட்டை முதலில் பாருங்கள். பொறுமையாகச் செய்தால் ஒரு காலை வேலை.

புதுசு மாட்டுவது, உப்பு அரித்து உடம்பே பொடிந்து வந்தால் மட்டும். கேஸ்கெட்டும் (இடைவெளி அடைக்கும் தாள்) மிதவை ஊசியும் (கிண்ணத்துக்குள் பெட்ரோல் வரத்தைத் திறந்து மூடுவது) தேய்ந்திருந்தால் அதற்கான உதிரிபாக கிட் போதும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் நிற்கும் விசைப்படகுகளின் கதை வேறு. டீசலில் கார்புரேட்டரே கிடையாது, அங்கே ஃபில்டரில் தண்ணீரும் லைனில் காற்றும்தான் முதல் சந்தேகம்.

அடுத்த மழைக்கு ஏற்றிவைக்கும் அன்றைக்கே ஹோஸைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும்வரை டிரம்மில் ஓடவிடுங்கள். மண்ணெண்ணெயில் ஓட்டுகிறவர்கள் அதற்கு முன் சிறிது நேரம் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டிவிடுங்கள், கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கினால் குளிர்ந்த மோட்டார் அவ்வளவு லேசில் பிடிக்காது.