சீரஸ் கார்சினோமா: ஹை-கிரேடா, லோ-கிரேடா?

பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'சீரஸ் கார்சினோமா' (சினைப்பைப் புற்றுநோயில் ஒரு வகை) என்று இருந்தால், கூடவே இருக்கும் கிரேடையும் (செல்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்ற தரம்) பாருங்கள். ஹை-கிரேடு என்பது லோ-கிரேடு முற்றிய நிலை என்று பலர் நினைக்கிறார்கள். அபூர்வமாக அப்படி மாறுவதுண்டு. மற்றபடி இரண்டும் வேறு வேறு நோய்கள்.

சினைப்பைப் புற்றுநோயில் அதிகம் வருவது ஹை-கிரேடு. பெயர்தான் சினைப்பை, பிறப்பிடம் பெரும்பாலும் கருக்குழாயின் விரல் போன்ற நுனி. அதனால்தான் அந்த நுனியை மெல்லிய துண்டுகளாக வெட்டி முழுவதையும் ஆராய்கிறார்கள். மைக்ராஸ்கோப்பில் செல் கருக்கள் கன்னாபின்னாவென்று கிடக்கும். ஒன்று இன்னொன்றைவிட மூன்று மடங்குக்கு மேல் பெருத்திருக்கும். புற்றுநோயைத் தடுக்கும் டிபி53 மரபணு ஏறக்குறைய எல்லாவற்றிலும் கெட்டிருக்கும். அந்த மரபணு உண்டாக்கும் பி53 புரதத்தைக் காட்டும் சாயம் போட்டால் பெரும்பாலும் கருக்கள் எல்லாம் அடர் பழுப்பாகும், அல்லது சாயமே ஏறாது. சாயம் ஏறாததை நார்மல் என்று எண்ணிவிடக்கூடாது, அதுவும் கோளாறுதான்.

லோ-கிரேடு அபூர்வம், சற்று இளவயதில் வரும். பார்டர்லைன் கட்டியிலிருந்து (சாதாரணக் கட்டிக்கும் புற்றுக்கும் இடைப்பட்டது) மெதுவாகக் கிளம்பும். கருக்கள் அச்சில் வார்த்தது போல் ஒரே அளவு. நடுவே மணல் போன்ற சுண்ணாம்புத் துணுக்குகள். கேராஸ், பிராஃப் மரபணுக்களில் மாற்றம் இருக்கலாம்.

சரி, மெதுவாக வளர்வதுதானே நல்லது? முழுக்க அப்படியில்லை. ஹை-கிரேடு பிளாட்டினம் கீமோவுக்கு முதலில் நன்றாகக் கரையும், அப்புறம் பலருக்குத் திரும்பி வரும். பிஆர்சிஏ மரபணுவில் கோளாறு இருந்தால் ஓலாபரிப் போன்ற மாத்திரை கைகொடுக்கும். லோ-கிரேடு கீமோவுக்கு அவ்வளவு எளிதில் மசியாது. அதற்கு லெட்ரோசோல் போன்ற ஹார்மோன் மாத்திரை, செல் வளர்ச்சிக்கான சிக்னலைத் தடுக்கும் டிராமெடினிப் மாத்திரை என்று வேறு வழி.