ஹைரோகிளிஃப் தட்டச்சு: கோடாஜா, யூனிகோடா?

எகிப்தியச் சித்திர எழுத்தைக் கணினியில் ஏற்ற உருப்படியான வழிகள் இரண்டு. ஒன்று, 1980களில் எகிப்தியவியலாளர்கள் வகுத்த மானுவெல் த கோடாஜ், சுருக்கமாகக் கோடாஜ்: குறிகளை ஆங்கில எழுத்துகளாலும் எண்களாலும் தட்டும் முறை. இன்னொன்று யூனிகோட்: ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் உலகப் பொதுத் தரம். படமாக வெட்டி ஒட்டினால் எதையும் தேட முடியாது. அந்த வழியை விட்டுவிடலாம். எகிப்தின் மத்திய இராச்சியக் கால (சுமார் கி.மு. 2000 வாக்கில் தொடங்கியது) கல்வெட்டுகள் பற்றிய என் குறிப்புகளுக்கு நான் யூனிகோடைத்தான் எடுத்துக்கொண்டேன்.

தட்டும் வேகத்தில் கோடாஜை அடிக்க ஆளில்லை. ப்தா என்ற கடவுளின் பெயரையே பாருங்கள்: சிறு சதுரம் மேலே, அதற்குக் கீழே ரொட்டி, பக்கத்தில் முறுக்கிய திரி. கோடாஜில் இது பீ, முக்காற்புள்ளி, டீ, சிறுகோடு, பெரிய ஹெச். அவ்வளவுதான். ஜேசெஷ் மென்பொருள் உடனே அடுக்கிக் காட்டிவிடும். யூனிகோடில் 2009இல் 1071 குறிகள் வந்தும் அவற்றை வரிசையாகத்தான் வைக்க முடிந்தது. ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றும் இணைப்புக் குறிகள் 2019இல்தான் வந்தன. அதுவரை கோடாஜ்காரர்கள் சிரித்ததில் நியாயம் உண்டு.

ஆனால் எனக்கு முடிவைத் தீர்மானித்தது தட்டும் நேரம் இல்லை, அதற்குப் பிறகு கோப்பு படும் பாடு. கோடாஜ் கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துகள்; உரிய மென்பொருள் இருந்தால்தான் அது எகிப்திய எழுத்து. பாமினியில் தட்டிய பழைய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போதாததற்கு, அந்தச் சதுரத்தை ஒருவர் பீ என்று ஒலிப்படி தட்டுவார், இன்னொருவர் குறிகளை வகை பிரித்து எண்ணிட்ட கார்டினர் பட்டியலின்படி க்யூ3 என்று தட்டுவார். கோடாஜ் இரண்டையும் ஏற்கும். ஒன்றைத் தேடினால் மற்றது சிக்காது. பெரிய ஹெச் எங்காவது சிறியதாக மாறிவிட்டால் திரி போய் நாணல் குடில் வந்து உட்கார்ந்துவிடும். யூனிகோடில் சதுரத்துக்கு ஒரே எண்தான், யார் தட்டினாலும். எழுத்துரு சரியில்லாமல் திரையில் அடுக்கு குலைந்தாலும் உள்ளே இருக்கும் உரை கெடாது.

யூனிகோடிலும் ஒரு சிக்கல் உண்டு. இணைப்புக் குறிகளும் எழுத்துகளாகவே கணக்காகும். அவற்றை நீக்கிவிட்டுத் தேடாவிட்டால், அடுக்கிய ப்தாவும் வரிசையாக வைத்த ப்தாவும் வேறு வேறு சொல்லாகிவிடும். நான் இணைப்புகள் இல்லாத நகல் ஒன்றைத் தேடலுக்கென்றே தனியாக வைத்திருக்கிறேன்.

இவ்வளவும் மத்திய இராச்சியக் காலத்து உரைகளை வைத்துச் சொல்வது. அந்தக் காலத்துக்குச் சுமார் 700 குறிகள் போதும். எட்ஃபு, தெந்தெரா போன்ற, கிரேக்க மரபு அரசர்கள் ஆண்ட டாலமி காலக் கோயில்களில் குறிகள் ஆயிரக்கணக்கில் பெருகிவிடும். அந்த உரைகளில் எனக்குப் பழக்கம் குறைவு. 2024இல் யூனிகோட் 16 மேலும் 3995 குறிகளைச் சேர்த்தது. எண் கிடைத்ததாலேயே குறி திரையில் தெரிந்துவிடாது, எழுத்துருவிலும் அது இருக்க வேண்டும். கோயில் சுவர்களில் இறங்குகிறவர்கள் முதலில் தங்கள் எழுத்துருவைச் சோதித்துக்கொள்ளுங்கள். கட்டம் கட்டமாகத் தெரிந்தால், இப்போதைக்கு ஜேசெஷையே வைத்துக்கொள்ளலாம்.